அப்பா விழவே இல்லை என்பதற்கான ஆதாரங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. எல்லாரும் சுகம் என்று முதல் வரியில் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவது உலக வழக்கம். எனக்கு அந்த ஒரு வரியை ஆதாரத்தோடு எழுத ஏழு வாரம் பிடித்திருக்கிறது. ஆகவே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். அப்பா சுகம். இந்த வாக்கியத்துக்கு நான் முழுப் பொறுப்பு ஏற்கிறேன். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இதைப் போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். நம் வீட்டுச் சுவர்களின் லட்சணம் உனக்குத் தெரியாததா? நான் இந்த அறையில் தும்மினால் அப்பா அந்த அறையிலிருந்து ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார். சரி, போனில் எழுதி அனுப்பலாம் என்றால், நான் என்ன எழுதினாலும் நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். 'அப்பாவை உன்னோடு அழைத்துப்போவது பற்றிக் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாமா' என்று முப்பது வரி எழுதினேன், கட்டைவிரல் வந்தது. நான் அதை நிதானத்துக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். நீ அழைத்துப்போவதற்குச் சம்மதம் என்று வைத்துக்கொண்டு அவருக்குக் கட்டில் வாங்கிவிட்டாய். இனி நம் குடும்பத்தில் முக்கியமான எதையும் விரல்களிடம் ஒப்படைப்பதில்லை என்று முடிவுசெய்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் வழக்கு என்ன என்பதை ஒழுங்காகப் பதிவு செய்துவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் நீ வந்திருந்தபோது, காயப்போட்டிருந்த அப்பாவின் பேண்ட் ஒன்று முழங்காலில் கிழிந்து தைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாய். அவரே தைத்தது, வெளியே பார்த்தால் கிழிசல் இருந்த இடமே தெரியாது. ஆனால் நீயும் தையல்காரர் மகள்தானே, உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டாய். "எங்கப்பா விழுந்தீங்க?" என்று கேட்டாய். "நான் எங்கம்மா விழுந்தேன்? மிஷின் கால்ல மாட்டி இழுத்துடுச்சு" என்றார். நீ நம்பவில்லை. நமக்கோ மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அவர் வேலைக்குப் போகும் ஆல்டரேஷன் கடை மார்க்கெட் கட்டடத்தில் தரைக்குக் கீழே, பதினொரு படி இறங்க வேண்டும். எழுபத்துநாலு வயது. இவர் விழுகிறார், மறைக்கிறார், உன் வீடு தரைத்தளம், ஆகவே வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிட வேண்டும் என்பது உன் கட்சி. அவர் விழவில்லை என்பது என் கட்சி. "அப்ப நிரூபிடா" என்றாய். ஒரே ஒரு தடவை விழுந்தது தெரிந்தாலும் அழைத்துப்போவாய், இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாய் என்று நாம் இருவரும் சமையலறையில் கிசுகிசுத்து ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

இந்த ஒப்பந்தத்தில் எனக்கு என்ன பயம் என்று உன்னிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மிஷினை விட்டு எழுந்து வாருங்கள் என்றால் அப்பா வந்துவிடுவார் அக்கா. உன் வீட்டில் வேளைக்குச் சாப்பிடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், பிள்ளைகளோடு விளையாடுவார். ஆனால் கையில் துணி இல்லாமல் அவர் உட்கார்ந்திருப்பதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அம்மா போன அன்று. அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

உடம்பில் மாட்டிக்கொள்ளும் கேமரா என்ற யோசனை உன்னுடையது என்பதையும் பதிவு செய்கிறேன். பரிசு என்று சொல்லிக் கொடு, தினம் போய்வரும்போது மாட்டிக்கொள்ளட்டும், படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாய். தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு மதிப்பீட்டாளன் நான். கார் மோதியது நிஜமா, கடை எரிந்தது நிஜமா, கால் முறிந்தது நிஜமா என்று பார்த்து எழுதித் தருவது என் பிழைப்பு. பத்தொன்பது வருடத்தில் என்னை ஏமாற்றியவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் மனது கேட்காமல் தானே வந்து ஒப்புக்கொண்டார். அப்படிப்பட்டவன் ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்வான் என்று நினைக்கிறாய்? பதினாறு நாள். மூன்று நோட்டுப் பக்கம். இந்த வீட்டில் மற்றவர்கள் அந்தப் பதினாறு நாளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது இங்கே தேவையில்லை.

கடையில் இருந்தவர் இந்த வகைக் கேமராவை இதுவரை மலையேறுகிறவர்களுக்கும் கடலில் குதிக்கிறவர்களுக்கும் மட்டுமே விற்றவர். "யாருக்கு சார்?" என்றார். "அப்பாவுக்கு" என்றேன். "சூப்பர் சார். அப்பா என்ன பண்றாங்க?" "பேண்ட்டுக்கு ஜிப் மாத்துவார்." "இல்ல சார், பொழுதுபோக்கா? ஏதாவது ஏறுவாங்களா?" "மூணு மாடி ஏறுவார்." அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார், நல்ல மனிதர். "போன் யூஸ் பண்ணத் தெரியுமா சார்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். "பச்சை பட்டன் தெரியும். சிவப்பு பட்டன் தெரியாது. எதிர்ப்பக்கம் இருக்கறவங்கதான் வெக்கணும்."

அவர் முதலில் காட்டியது வாயால் சொன்னாலே படம் பிடிக்கத் தொடங்குமாம். அப்பா இயந்திரத்தோடு பேசுவது ஊசி உடையும்போது மட்டும்தான். அந்தச் சொற்களுக்குக் கேமரா என்ன செய்யுமோ என்று பயந்து வேண்டாம் என்றேன். இரண்டாவதில் பட்டன் எங்கே இருக்கிறது என்று அவரே தேடினார். மூன்றாவதுதான் நான் எடுத்தது. சோப்புக் கட்டி அளவு. மேலே ஒரே ஒரு பட்டன். ஒரு அமுக்கு அமுக்கினால் ஆரம்பம், இன்னொரு அமுக்கில் முடிவு. ஓடும்போது ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பின்னால் தபால்தலை அளவுக்கு ஒரு திரை. நாற்பது மீட்டர் ஆழத்தில் போட்டாலும் தண்ணீர் புகாது என்றார். எங்கள் வீட்டில் நாலாவது மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஆழமான எதுவும் இல்லை என்றாலும் அதையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று சொன்னார். "இதுல பெரிய விஷயமே என்னன்னா, ஓடினாலும் குதிச்சாலும் தடுக்கினாலும் படம் ஆடவே ஆடாது சார். தண்ணியில மிதக்கற மாதிரி வரும்." சொன்னதோடு நிற்காமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடை முழுக்கத் தவளை மாதிரி குதித்துக் காட்டினார். படத்தைப் பார்த்தால் மகாராஜா பல்லக்கில் போவது போல் இருந்தது. பரம திருப்தி எனக்கு. நோட்டில் 'படம் ஆடாது' என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டு, அதையே வாங்கினேன்.

பரிசைக் கொடுத்த காட்சி அவ்வளவு நன்றாக அமையவில்லை. "என்னடா இது, சோப்பு டப்பாவா?" என்றார். விளக்கினேன். "எனக்கு எதுக்குடா?" என்றார். "நீங்க கடைக்குப் போற வழியெல்லாம் படமா இருக்கும்பா. அக்கா பிள்ளைங்க பாக்கும்" என்றேன். "கடைக்குப் போற வழியில அவங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார். இடுப்பு முப்பத்திரண்டு என்று சொல்லும் தடித்த வாடிக்கையாளரைப் பார்ப்பது போலக் கண்ணாடிக்கு மேலாக என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு நெஞ்சில் மாட்டும் பட்டையை எடுத்து விரலால் தடவி, "தையல் மட்டம்டா. ரெண்டு நாள் தாங்காது" என்றார். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அந்தப் பட்டையை நூல் நூலாகப் பிரித்து மேஜை மேல் அடுக்கி வைத்திருந்தார். வெளிநாட்டுத் தயாரிப்பு அக்கா, பெட்டியில் வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருந்தது. நாற்பது நிமிடம் வாழ்ந்தது.

பட்டைக்குப் பதிலாகத் தன் மூன்று சட்டைகளில் நெஞ்சுக்கு நேராக ஓர் உள்பாக்கெட் வைத்துத் தைத்துக்கொண்டார். முதல் வாரம் அதில் போட்டுக்கொண்டு போய்வந்தார். சாயங்காலம் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரே இருட்டு. கேமராவை உள்ளே போட்டால் அது துணியைத்தான் பார்க்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவசரத்தில் எனக்கும் தோன்றவில்லை. ஆனால் என் தொழில் தர்மம் உனக்குத் தெரியும். ஆறு நாள் இருட்டையும் ஒரு நிமிடம் விடாமல் கேட்டேன். நடக்கும் சத்தம், பஸ் சத்தம், இரண்டு தரம் இருமல், மூன்றாவது மாடி வந்ததும் ஓர் "அப்பாடா". விழும் சத்தம் எதுவும் இல்லை. அந்த 'அப்பாடா'வை நான் மனநிறைவு என்ற தலைப்பில் எழுதிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் பாக்கெட்டுக்கு நேராகச் சட்டையில் ஒரு காஜா எடுத்துவிட்டார். சட்டைப் பித்தானுக்கு எடுக்கும் அதே காஜாதான், வட்டமாக, ஓரம் பிசிறு இல்லாமல், லென்ஸ் அளவுக்குக் கச்சிதமாக. நான் பார்த்த வேலைப்பாடுகளிலேயே அதுதான் அழகு. ஆனால் அந்தக் காஜா வழியாக லென்ஸ் ஓரத்துச் சிவப்பு விளக்கும் வெளியே சிமிட்டும் என்று யார் கண்டார்கள்? கடையில் கட்டிங் பார்ப்பவர், "என்னண்ணே, நெஞ்சுல விளக்கு எரியுது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா தலையை நிமிர்த்தாமல், "பையன் மாட்டிவிட்டிருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சொன்னது. மத்தியானத்துக்குள் அப்பாவுக்கு இதயத்தில் மிஷின் வைத்திருக்கிறார்கள் என்று மார்க்கெட் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. கீழ் வீட்டு ஆசிரியர் ஆப்பிள் பையோடு வந்து, "எத்தனை அடைப்பு சார்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "புரியுது, புரியுது" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் மறுக்க மறுக்க நோய் முற்றிக்கொண்டே போனது. நாலாம் நாள் கடை முதலாளியம்மா அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கண்ணே" என்று சொல்ல, அவர் வேலையைக் காப்பாற்ற வாங்கிய கேமராவாலேயே அவர் வேலை போக இருந்தது. நான் லீவு போட்டுவிட்டு ஓடினேன். கடை நடுவில் அப்பாவின் சட்டைப் பித்தானைக் கழற்றி, கேமராவை எடுத்துக் காட்டி, நெஞ்சில் வேறு ஒன்றும் இல்லை என்பதை ஆறு வாடிக்கையாளர் முன்னிலையில் நிரூபித்தேன். அப்பா அசையாமல் நின்றார். "முடிஞ்சுதா? பித்தானப் போடு" என்றார். ஆப்பிளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஆசிரியர் கதவைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்கா, உண்மையான ஆதாரம் வரத் தொடங்கியது. மூன்றாம் வாரமும் நாலாம் வாரமும் நான் பார்த்த படங்களை நீ பார்க்க வேண்டும். நம் மாடிப்படி, தெருமுனை, சாலைக்கு மேலே போகும் நடைபாலம், கடையின் பதினொரு படி, எதிலும் ஒரு துளி ஆட்டம் இல்லை. இருபது வயதுப் பையன்கூட அப்படி நடக்க மாட்டான். ஒரு கல் தடுக்குவதில்லை, ஒரு தள்ளாட்டம் இல்லை, நிறைகுடத்தைத் தலையில் வைத்தாலும் தளும்பாது. அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்தக் கடைக்காரர் தவளை மாதிரி குதிச்சப்பவும் படம் இப்படித்தானே இருந்துச்சுன்னு சொன்னீங்க?" என்றாள். நான் அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் போய் அந்த வசதியை எப்படி அணைப்பது என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் முகத்தில் தன் பிள்ளையை அடிக்கச் சொன்னது போன்ற ஒரு வேதனை. "ஏன் சார், அதுக்காகத்தானே வாங்கினீங்க?" என்றார்.

அணைத்துவிட்டு ஐந்தாம் வாரம் எடுத்தால் உலகமே ஆடியது. படி ஆடுகிறது, பாலம் ஆடுகிறது, எதிரே வரும் மனிதர்கள் எல்லாரும் குடித்திருப்பது போலத் தெரிகிறது. ஆனால் ஒரு படத்தை மட்டும் வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பது எங்கள் துறையில் பாலபாடம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். நல்ல திடகாத்திரமான ஒருவர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே வழியில் நடக்க வேண்டும். வேறு யார் கிடைப்பார்கள், நாற்பத்தாறு வயது, இரத்த அழுத்தம் இல்லை, நானே போட்டுக்கொண்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சட்டை இடுப்பில் இறுக்குகிறது என்று ஓரத்தில் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார். அவர் முன்னால் நடந்தார், நான் கேமராவோடு பின்னால் நடந்தேன்.

முடிவைத் தயங்காமல் எழுதுகிறேன். அப்பாவின் படத்தைவிட என் படம் அதிகமாக ஆடியது. இதை ஆதாரமாக எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கடைப்படி இறங்கியபோது, நாலாவது படியில் கால் வழுக்கி மீதி ஏழு படியையும் உட்கார்ந்தபடியே இறங்கினேன். இந்த ஏழு வாரத்தில் பதிவான ஒரே விழுகை அதுதான். இணைத்திருக்கும் கார்டில் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். முதலில் வானம் தெரியும், பிறகு கைப்பிடிக் கம்பி, பிறகு யாரோ ஒருவருடைய செருப்பு, கடைசியில் அப்பாவின் முகம். "பாத்து இறங்கக் கூடாதாடா?" என்கிறார். குனிந்து என் அக்குளில் கை கொடுக்கிறார். பிறகு என்ன நினைத்தாரோ, தூக்குவதை விட்டுவிட்டு என் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "ரொம்ப வலிக்குதா?" "இல்லப்பா." "கொஞ்ச நேரம் உக்காருவோம். இப்ப என்ன அவசரம்?" என்றார்.

அக்கா, இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்பா அத்தனை நேரம் என்னோடு உட்கார்ந்து பேசி எத்தனை வருடம் ஆகிறது என்று எனக்கு நினைவில்லை. "உனக்குப் பேண்ட் தெக்கறப்ப கீழ ஒரு அங்குலம் கூட மடிச்சு விடுவேன், நீ வளருவேன்னு. இன்னைக்கும் கை தானா அப்படித்தான் மடிக்குது" என்றார். நான் வளர்வது நின்று முப்பது வருடம் ஆகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முட்டி வலிக்கிறது என்று சாக்குச் சொன்னேன். பிறகு நான் எழுந்தேன். "நீ எழுந்திரு, நான் வரேன்" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் எழுந்தார். என்னைத் தாங்கலாகப் பிடித்தபடியே வீடு வரைக்கும் வந்தார். மூன்று மாடியும் என் தோளை விடவில்லை. எழுபத்துநாலு வயதில் ஒரு மனிதர் நாற்பத்தாறு வயது மகனைத் தாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறார் என்றால் அதற்கு மேல் நான் என்ன ஆதாரம் தர முடியும்?

ஒரு சிறு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தானே வரிசையாக ஓர் எண் போட்டுக்கொள்கிறது. அந்த வரிசையில் ஐந்து எண்கள் இல்லை. பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது, இப்படி. கடைக்காரரைக் கேட்டேன். "அது தப்பா எண்ணவே எண்ணாது சார்" என்றார். எந்தக் கடைக்காரர் தன் சரக்கில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்? அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டேன். "எனக்கு அந்த எழவெல்லாம் எங்கடா தெரியும்?" என்றார். அதுவும் நியாயம்தான். பச்சை பட்டனைத் தாண்டாத மனிதர். ஆகவே இயந்திரக் கோளாறு என்று எழுதி அந்தப் பத்தியை முடித்துவிட்டேன்.

ஏழு வாரம், ஐம்பத்தொரு மணி நேரம் பார்த்தாகிவிட்டது. அப்பா ஒருமுறைகூட விழவில்லை. ஒப்பந்தப்படி நீ அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும். கட்டிலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு. அவர் இங்கேயே இருக்கட்டும் அக்கா. அவருக்காக மட்டும் கேட்கவில்லை, எனக்காகவும் கேட்கிறேன். காலையில் அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது. இதை நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன், அதனால்தான் கடிதம் என்றும் வைத்துக்கொள்.

மாமாவின் முதுகு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். பிள்ளைகள் நன்றாகப் படித்து, முடிந்தால் காப்பீட்டுத் துறைக்கு வராமல், நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். மூத்தவள் என்ற முறையில் எனக்கு உன் ஆசீர்வாதத்தையும், நேரமிருந்தால் ஒரு மன்னிப்பையும் அனுப்பு. கட்டைவிரல் வேண்டாம்.

என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு:

அம்மா, இது அப்பா. உன் தம்பி கையெழுத்தில் முகவரி எழுதினால் கடிதம் வேறு ஊருக்குப் போய்ச் சேரும் என்று கவரை நான் வாங்கிக்கொண்டேன். இன்னும் ஒட்டவில்லை. படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறான். அத்தனையும் உண்மை என்று நம்பித்தான் எழுதியிருக்கிறான்.

எதற்காகக் கேமரா என்று கொடுத்த அன்றைக்கே எனக்குத் தெரியும். மறுநாள் அதை விற்ற கேமராக் கடைக்குப் போய், எடுத்ததை அழிப்பது எப்படி என்று அது ஒன்றை மட்டும் கேட்டுக் கற்றுக்கொண்டேன். பின்னால் திரையில் இரண்டு அமுக்கு. கேமரா சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. ஐந்தில் இரண்டு நம் மாடிப்படி, ஒன்று பாலம், இரண்டு கடைப்படி. இடது கால் சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் இல்லாமல் போய்விடுகிறது. அடி பெரிதாக இல்லை.

அவன் விழுந்த அன்று துணைக்காக நான் பக்கத்தில் உட்காரவில்லை. தூக்கக் குனிந்தேன், தூக்க முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. அவன் கையைப் பிடித்துத்தான் எழுந்தேன். அவன் தோளைப் பிடித்துத்தான் மாடி ஏறினேன். பிள்ளை கீழே கிடக்கிறான், என்னால் தூக்க முடியவில்லை. அதற்கு மேல் எனக்கு வீம்பு எதற்கு?

வந்து கூட்டிக்கொண்டு போ. என் தையல் மிஷினும் என்னோடு வரும், வெளிச்சம் வருகிற பக்கமாக இடம் ஒழித்து வை.

அவனிடம் எதையும் சொல்லாதே. படித்துவிட்டு இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நீதான் பேச்சை மீறி என்னை இழுத்துக்கொண்டு போனதாக இருக்கட்டும். உன்மேல் கோபப்படுவான். அக்காவிடம் கோபப்படுவது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், இரண்டு நாளில் சரியாகிவிடும். என்மேல் கோபம் வந்தால்தான் பாவம், என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாது.